சூடானதும் 5000 ஆர்பிஎம்-க்கு மேல் அறுந்து விழும் எம்எக்ஸ்-5: மெகாஸ்குவர்ட் மேப்பைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். இதே தொல்லையோடு பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும். 1990 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், டர்போ இல்லை, இங்கிலாந்தில் ஓடும் வண்டி. கம்பெனி இசியுவை (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) எடுத்துவிட்டு அதே கனெக்டரில் செருகும், நாமே டியூன் செய்யக்கூடிய மெகாஸ்குவர்ட்-2 பெட்டி போட்டிருக்கிறீர்கள். காற்றளவு மீட்டரும் கழற்றியாகிவிட்டது. குளிர்ந்த எஞ்சின் உடனே பிடிக்கிறது, ஐட்லிங்கும் சீர். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு 5000 ஆர்பிஎம்-ஐத் தாண்டி மிதித்தால் சில சமயம் எஞ்சின் சட்டென்று அறுந்துபோகிறது. ஆர்பிஎம் காட்டும் டேக்கோ முள் பூஜ்யத்தில் விழுந்து மீள்கிறது. ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) மீட்டர் 20-க்கு மேல் காட்டுகிறது. பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. லீன் ஆகிறது, அதாவது கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று நண்பர் சொன்னதால் அந்தப் பகுதியில் எரிபொருளை 10 சதவீதம் ஏற்றிப் பார்த்தீர்கள், மாற்றமில்லை. இப்போது பெரிய பம்ப் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பம்ப் வாங்காதீர்கள். ஏற்றிய 10 சதவீதத்தையும் இன்றே இறக்கிவிடுங்கள்.

விஇ டேபிளில் (மேப்பின் எரிபொருள் அட்டவணை) இருப்பவை வெறும் எண்கள். இத்தனை ஆர்பிஎம்-இல், மேனிஃபோல்டில் இத்தனை அழுத்தத்தில், சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகும் என்பதை அவை சொல்கின்றன. அந்த எண் தவறு என்றால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அளவில் தவறாக இருக்கும். ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் இருப்பதும், சூடு ஏறினால் மட்டும் தலைகாட்டுவதும் எண்களின் குணம் அல்ல. அது வயர், கனெக்டர், ரிலே, சென்சார் இவற்றின் குணம். பதிலாகப் போட்ட இசியு என்றாலே எல்லோரும் லேப்டாப்பைத் திறந்து மேப்பைத் திருத்த ஆரம்பிக்கிறார்கள். திருத்த முடிவதால் அங்கே கை போகிறது, அவ்வளவுதான். நான் பார்த்த இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பழுது பெட்டிக்கு வெளியே, வயரிங்கில்தான் இருந்தது.

அந்த ஏஎஃப்ஆர் எண் உங்களை ஏமாற்றுகிறது. வைட்பேண்ட் சென்சார் அளப்பது பெட்ரோலை அல்ல, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை. தீப்பொறி விழாத சிலிண்டர் தான் இழுத்த காற்றை எரிக்காமல் அப்படியே வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றில் ஆக்சிஜன் முழுவதுமாக இருக்கிறது; உடன் வரும் பெட்ரோல் எவ்வளவு என்பது சென்சாருக்கு ஏறக்குறைய தெரியாது. ஆகவே மிஸ்ஸிங் எப்போதும் லீன் என்றே காட்டும். இன்னொன்று: இந்த எஞ்சின் முழு லோடில் 20-க்கு 1 என்ற கலவையில் ஒழுங்காக எரியவே எரியாது. 20, 22 என்று மீட்டர் காட்டினால் கலவை மெலிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நொடியில் எரிதலே நடக்கவில்லை என்றுதான் பொருள். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போதும் அதே எண்ணைக் காட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் தந்த குறிப்புகளிலேயே விலைமதிப்பானது டேக்கோ முள். உங்கள் 1.6-இல் டேக்கோ சிக்னல் காயிலைச் சுடவைக்கும் இக்னைட்டரிலிருந்து வருகிறது. அதாவது காயில் சுடும்வரை முள் ஆடும். பெட்ரோல் மட்டும் தீர்ந்துபோனால் என்ன நடக்கும்? கியரில் இருக்கும் வண்டி எஞ்சினைத் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருக்கும், காயில்கள் சுட்டுக்கொண்டே இருக்கும், முள் இழுவைக்கு ஏற்ப மெல்ல இறங்கும். சட்டென்று பூஜ்யத்துக்கு விழாது. ஆகவே உங்கள் வண்டியில் நின்றது தீப்பொறி. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் முதல் சுற்று விசாரணையிலிருந்து விலகிவிட்டன.

தீப்பொறி நிற்க நான்கு காரணங்கள் உண்டு. இசியுவுக்கே மின்சாரம் அறுந்து அது மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கலாம். மின்சாரம் இருந்தும், கிராங்க் எங்கே நிற்கிறது என்ற கணக்கு தவறி, பாதுகாப்புக்காகச் சுடுவதையும் ஊற்றுவதையும் நிறுத்தியிருக்கலாம்; சிங்க் போய்விட்டது என்று சொல்வது இதைத்தான். இசியு சரியாகக் கட்டளை கொடுத்தும் இக்னைட்டருக்கோ காயிலுக்கோ வரும் 12 வோல்ட் அறுந்திருக்கலாம். அல்லது இசியு வேண்டுமென்றே வெட்டியிருக்கலாம்: ரெவ் லிமிட்டர், எஞ்சின் சூட்டைப் பொறுத்த லிமிட்டர், லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து பாயும்போது ஆர்பிஎம்-ஐக் கட்டுப்படுத்தும் வசதி). கடைசியானதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வேறொருவரின் மேப்பிலிருந்து தொடங்கியிருந்தால் லாஞ்ச் இன்புட் இயக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பின்னில் வயரே இருக்காது. எங்கும் இணைக்காத பின் பக்கத்து வயர்களின் இரைச்சலைப் பிடித்துத் தானாக ஆன் ஆகலாம். டியூனர்ஸ்டூடியோவில் (மெகாஸ்குவர்ட்டை அமைக்கும் லேப்டாப் மென்பொருள்) பயன்படுத்தாத எல்லா இன்புட்டையும் அணைத்துவிட்டு, லிமிட்டர் எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலை அஞ்சு நிமிஷம்.

மற்ற மூன்றையும் பிரித்துக் காட்டுவது லாக், அதாவது ஓடும்போது இசியு தரும் எண்களின் பதிவு. தெருவில் வேண்டாம், டிராக்கிலோ ரோலிங் ரோடிலோ (வண்டியை உருளைகளின் மேல் ஓட்டிப் பார்க்கும் மேடை) எடுங்கள்; லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில் இருக்கட்டும், சார்ஜர் செருகாமல் பேட்டரியில் ஓடட்டும். காருக்குள் செருகும் இன்வெர்ட்டர் சார்ஜரே இரைச்சலைக் கொண்டுவந்து, நீங்கள் தேடும் பழுதைத் தானே உண்டாக்கும். இரண்டாம் கியர் போதும். அறுந்த இடத்தில் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்: ஆர்பிஎம், பேட்டரி வோல்டேஜ், செக்எல் என்னும் நொடி எண்ணி, சிங்க் இழப்பு எண்ணிக்கை.

செக்எல் என்பது இசியு எழுந்ததிலிருந்து நொடிக்கு ஒன்று ஏறும் எண். அது நடுவழியில் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தால் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது. அப்போது கிராங்க் நிலையைச் சொல்லும் கேம் சென்சார் பக்கமே போகாதீர்கள். மெயின் ரிலே, ஃபியூஸ் பிடிப்பு, இக்னிஷன் சுவிட்ச், எர்த், இவைதான் உங்கள் வேலை. இந்த நிலையில் ஒரு கிளைப் பழுதும் சேர்ந்து வரும்: சாவி போட்டதும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்து அதையே வெளிக்காற்றழுத்தம் என்று வைத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால், ஓடும் எஞ்சினில் மறுபடி எழும் பெட்டி மேனிஃபோல்டின் வெற்றிடத்தை மலை உச்சிக் காற்று என்று நம்பிவிடும். பிறகு சாவியை அணைத்துப் போடும்வரை கலவை கோணலாகவே இருக்கும். ‘ஒருமுறை அறுந்தால் அன்று முழுக்க வண்டி சரியில்லை’ என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

செக்எல் ஏறிக்கொண்டே இருக்க, ஆர்பிஎம் மட்டும் விழுந்து, சிங்க் எண்ணிக்கை கூடியிருந்தால் சிக்னல் பிரச்சினை. செக்எல், ஆர்பிஎம், சிங்க் மூன்றும் அசையாமல் நல்லபடியாக இருக்க, டேக்கோவும் எஞ்சினும் மட்டும் செத்திருந்தால் இசியு தன் வேலையைச் செய்திருக்கிறது. பழுது இக்னைட்டர் பக்கம். சீரியல் கேபிள் வழியாக வரும் லாக் நொடிக்குச் சில பத்து வரிகள்தான் எழுதும், அதனால் மிகக் குட்டியான சம்பவம் வரிகளுக்கு இடையில் விழுந்து மறையக்கூடும். ஆனால் சிங்க் எண்ணி மறக்காது, ஏறியது ஏறியபடி நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே இழப்புக்கான காரண எண்ணும் வரும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லாக் வருவதற்கு முன்பே என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் தலையின் பின்பக்கத்தில் கேம் முனையில் இருக்கும் அந்த கேம் ஆங்கிள் சென்சார், அல்லது அதன் கனெக்டர். மூன்று காரணங்களால் சொல்கிறேன்.

முதலாவது சூடு. உங்கள் சென்சார் ஒளியால் இயங்குவது. துளையிட்ட தட்டு சுழல, ஒளி விட்டுவிட்டுப் போகிறது, உள்ளே இருக்கும் சிறு சர்க்யூட் அதை மின்துடிப்பாக மாற்றுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் சிலிண்டர் தலையோடு சேர்ந்து சூடாகி ஆறிய சர்க்யூட் அது. குளிரில் நன்றாக வேலை செய்து சூட்டில் தடுமாறுவது இப்படிப்பட்ட சென்சாருக்கு இயல்பு. அடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் இறுகி எண்ணெய் கசிவதும் இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. அந்த எண்ணெய் கனெக்டர் வரை ஊர்ந்திருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது பக்கத்து வீடு. இந்த எஞ்சினில் காயில் பேக்கும் தலையின் பின்பக்கத்தில்தான், சென்சாருக்கு அருகிலேயே இருக்கிறது. பல்லாயிரம் வோல்ட் ஏறி இறங்கும் பிளக் வயர்கள் சென்சார் வயருக்கு ஒட்டி ஓடுகின்றன. பிளக் வயரின் உறை வெடித்திருந்தால் தப்பும் ஒவ்வொரு பொறியும் சென்சார் வயரில் ஒரு போலித் துடிப்பாக ஏறலாம். லோடு கூடும்போது பொறிக்குத் தேவைப்படும் வோல்டேஜும் கூடுகிறது. அதனால்தான் இது முழு மிதியில் வருகிறது, ஐட்லிங்கில் வருவதில்லை.

மூன்றாவது இந்த சென்சார் தரும் தகவலின் வறுமை. கேம் ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பு ஒரு வயரில். எது முதல் சிலிண்டர் என்று காட்ட, நீளம் வேறுபட்ட இரண்டு துடிப்பு இன்னொரு வயரில். கேம் ஒரு சுற்று என்பது கிராங்குக்கு இரண்டு சுற்று. ஆகவே இசியுவுக்குக் கிராங்கின் 180 டிகிரிக்கு ஒரு செய்திதான் வருகிறது. 7000 ஆர்பிஎம்-இல் ஒரு சுற்று 8.6 மில்லிசெகண்ட்; துடிப்புக்குத் துடிப்பு 4.3 மில்லிசெகண்ட். இடைப்பட்ட நேரமெல்லாம் பெட்டி ஊகத்தில்தான் ஓட்டுகிறது. நடுவில் ஒரு போலித் துடிப்பு நுழைந்தாலும், ஒரு உண்மைத் துடிப்பு விழுந்தாலும் கணக்கு முழுவதும் புரளும். கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம் வைத்தால் 10 டிகிரிக்கு ஒரு செய்தி வரும். நிறையப் பேர் கடைசியில் அதற்குப் போகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் இப்போது அல்ல. பழுதைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் அதே கெட்ட எர்த்தில் புதுச் சென்சாரையும் மாட்டுவீர்கள்.

முள் எவ்வளவு நேரம் கீழே கிடக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு போலித் துடிப்பால் சிங்க் போனால் ஓரிரு சுற்றில் மீண்டுவிடும். 5000-இல் ஒரு சுற்று 12 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் முள் லேசாகத் துடிக்கும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். பூஜ்யம் வரை விழ நேரம் போதாது. உங்கள் முள் பூஜ்யம் வரை போகிறது என்றால் சிக்னல் தொடர்ந்து அறுந்திருக்கிறது. அது இரைச்சலைவிட, சூடான சென்சார் அமைதியாகிவிடுவதையோ அதற்கு வரும் 12 வோல்ட் போவதையோதான் அதிகம் காட்டுகிறது. பெட்ரோல் பங்க்கில் ஸ்டார்ட் பிடிக்காததும் இதனோடு பொருந்துகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால் தலையில் இருக்கும் சூடு சுற்றியுள்ளவற்றில் ஏறுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அந்தச் சென்சார் அன்றைய உச்சச் சூட்டில் இருக்கும்.

ஆனால் சூடான ஸ்டார்ட்டுக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதனால் இரண்டையும் பிரித்தே பாருங்கள். வழி எளிது: சூட்டில் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது லாக்கில் ஆர்பிஎம் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழன்றும் ஆர்பிஎம் பூஜ்யம் அல்லது துள்ளித் துள்ளி வந்தால் சென்சார். 200-ஐ ஒட்டி நிலையாக நின்றால் சென்சார் குற்றவாளி அல்ல. அப்போது காற்றின் சூடு அளக்கும் சென்சார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காற்றளவு மீட்டரை எடுக்கும்போது அதற்குள் இருந்த காற்றுச்சூடு சென்சாரும் போய்விடும், புதிதாக ஒன்று வைத்திருப்பீர்கள். அது அலுமினியக் குழாயில் திருகப்பட்டிருந்தால் காற்றின் சூட்டை விட்டுவிட்டுக் குழாயின் சூட்டைச் சொல்லும். உண்மைக் காற்று 30 டிகிரி, சென்சார் சொல்வது 60 டிகிரி என்றால், காற்றின் அடர்த்தி 303-க்கு 333 என்ற விகிதத்தில் குறைந்ததாக இசியு நம்பி எரிபொருளில் 9 சதவீதம் வெட்டும். ஏற்கெனவே இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில் ஆவிக் குமிழ் இருக்கும் நேரத்தில் அந்த வெட்டு போதும், ஸ்டார்ட் இழுக்க. சென்சாரை வடிகட்டிக்குப் பக்கமாக, பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாயில் மாற்றுங்கள்.

இனி சோதனை. எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் நிற்கட்டும், லேப்டாப்பில் சிங்க் எண்ணி திறந்திருக்கட்டும். கேம் சென்சார் கனெக்டரை மெல்ல ஆட்டுங்கள். வயர் கட்டை அங்கங்கே பிடித்து அசையுங்கள். மெயின் ரிலேயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். இக்னிஷன் சாவியை ஆன் நிலையிலேயே லேசாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் நிறுத்தி எண்ணியைப் பாருங்கள்; எதில் எண் ஏறுகிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். எதிலும் ஏறவில்லை என்றால் தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்து சென்சாரை மட்டும் சூடாக்குங்கள். டிரையர் வயரும் சட்டைக் கையும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் எஞ்சின் தடுமாறி, குளிர்விக்கும் ஸ்ப்ரே அடித்ததும் தெளிந்தால், சென்சாரை மாற்றுங்கள். வேறு சாட்சி தேவையில்லை.

டியூனர்ஸ்டூடியோவில் காம்போசிட் லாகர் என்று ஒன்று இருக்கிறது. சென்சார் அனுப்பும் துடிப்புகளையே படமாக வரைந்து காட்டும். குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று, சூட்டில் 4000 ஆர்பிஎம்-இல் ஒன்று பதிவு செய்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நான்கு துடிப்பு வரும் வரியில் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஊசி மாதிரி மெல்லிய கூடுதல் துடிப்பு தெரிந்தால் இரைச்சல், அதாவது பிளக் வயர் அல்லது எர்த். ஒரு துடிப்பே காணோம் என்றால் சென்சார் அல்லது அதன் மின்சாரம். மென்பொருளில் இரைச்சல் வடிகட்டி ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் அறிகுறி மறைந்துவிடக்கூடும். மூலகாரணம் தெரியும்வரை அதைத் தொடாதீர்கள்.

பிளக் வயர் நான்கின் எதிர்ப்பையும் மல்டிமீட்டரில் அளந்து நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு என்றால் தூக்கிப்போடுங்கள். உள்ளே வெறும் செம்புக் கம்பி உள்ள ‘ரேசிங்’ வயர் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். கம்பெனி இசியு அதைத் தாங்கியிருக்கலாம், இந்தப் பெட்டி தாங்காது. பிளக்கிலும் எதிர்ப்பு உள்ள வகையே வேண்டும். என்ஜிகே என்றால் பிகேஆர்6இ போல எண்ணின் நடுவில் ‘ஆர்’ எழுத்து இருக்கும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவ் பின்னால் பாடியில் கட்டப்பட்டு, பாடி முழுக்கக் கடந்து, முன்னால் ஒரு பட்டை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. இரண்டு போல்ட்டில் எதில் துரு ஏறினாலும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். அந்த வேறு வழி சில சமயம் உங்கள் சென்சார் எர்த் வயராக இருக்கும். ஓம் மீட்டரில் அளந்து ‘பூஜ்யம் காட்டுகிறதே’ என்று திருப்தி அடையாதீர்கள். ஒரே ஒரு நூலிழை ஒட்டியிருந்தாலும் ஓம் மீட்டர் பூஜ்யம் என்றே சொல்லும். கரண்ட் ஓடும்போது வோல்ட் அளக்க வேண்டும்: எஞ்சின் ஓட, ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்டில் வைத்து, ஒரு முனை எஞ்சின் பிளாக்கில், மறுமுனை இசியுவின் எர்த் பின்னில். பிறகு பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் கட்டுங்கள்.

சென்சார்களின் எர்த் எல்லாம் இசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும், எஞ்சினில் எங்கேயோ கட்டக்கூடாது. நீங்களாகச் சேர்த்த காற்றுச்சூடு சென்சாரையும் வைட்பேண்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வைட்பேண்ட் கன்ட்ரோலரின் ஹீட்டர் நல்ல கரண்ட் இழுக்கும். அதன் எர்த்தும் சிக்னல் எர்த்தும் ஒரே மெல்லிய வயரில் போனால் மீட்டர் எண்ணே பொய்யாகும். 0 முதல் 5 வோல்ட்டுக்குள் 7.35 முதல் 22.39 வரை காட்டும் வகையில் 0.1 வோல்ட் தவறு 0.3 ஏஎஃப்ஆர். அந்தத் தவறான எண்ணை நம்பி, டேபிளைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் ஓட்டினால் டேபிள் முழுக்க அந்தப் பொய் பதிந்துவிடும்.

அடுத்தது, உங்கள் வண்டியின் வயதுக்கே உரியது. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. 1989 முதல் 1991-இன் தொடக்கம் வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் முனை குட்டையானது. புல்லியைப் பிடிக்கும் சாவிக்கட்டை தேய்ந்து, பல்சக்கரம் கிராங்கின் மேல் மெல்ல நழுவும். புல்லியில் நான்கு பிளவு இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் நீண்ட முனை. உங்களுடையது 1990, அநேகமாக நான்குதான். டைமிங் பெல்ட் அந்தப் பல்சக்கரத்திலிருந்து ஓடுகிறது, கேம் சென்சார் கேமில் இருக்கிறது. பல்சக்கரம் நழுவினால் வால்வு டைமிங்கும் தீப்பொறி டைமிங்கும் சேர்ந்து நகரும். இசியுவுக்கு இது தெரியவே தெரியாது, லாக்கில் எல்லாம் அழகாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அதைப் பிடிக்கும் சோதனை எப்படியும் செய்ய வேண்டிய சோதனைதான். டியூனர்ஸ்டூடியோவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். லைட் சாதாரணமானதாக இருக்கட்டும். டிகிரியைத் திருகி வைக்கும் வகை லைட்டுகள், ஒவ்வொரு சுற்றிலும் சுடும் இந்த வகைக் காயிலில் குழம்பி இரட்டிப்பாகக் காட்டலாம். புல்லிக் குறி 10-இல் நிற்க வேண்டும். பிறகு மெல்ல 4000 வரை ஏற்றுங்கள். குறி அசையாமல் நின்றால் நல்லது. ஆர்பிஎம் ஏற ஏற ஒரே பக்கமாக நகர்ந்தால் சிக்னலின் தவறான விளிம்பைப் பிடிக்கும்படி அமைப்பு இருக்கிறது. ஒழுங்கில்லாமல் முன்னும் பின்னும் அலைந்தால் புல்லி, பெல்ட் அல்லது சென்சார் தளர்வு. இன்று 10-இல் இருந்து அடுத்த வாரம் 5-இல் இருந்தால், மேலே சொன்ன சாவிக்கட்டையைத் திறந்து பாருங்கள். அதுவரை அந்த எஞ்சினை விரட்டாதீர்கள்.

இவ்வளவையும் குறுக்கும் ஒரு வழி உங்களுக்கு இருக்கிறது, செருகு பெட்டி என்பதால். கழற்றிய கம்பெனி இசியுவும் காற்றளவு மீட்டரும் கையில் இருந்தால் அவற்றை மறுபடி மாட்டி அதே சூட்டில், அதே 5000-க்கு ஓட்டிப் பாருங்கள். அதிலும் அறுந்தால் மெகாஸ்குவர்ட் நிரபராதி. சென்சார், இக்னைட்டர், ரிலே, எர்த் என்று தேடல் சுருங்கிவிடும். அறாமல் ஓடினால் பெட்டிதான் பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கம்பெனி இசியு அரைகுறை சிக்னலையும் பொறுத்துப்போகும். ஆனால் சென்சார் முழுதாகச் சாகவில்லை என்ற அளவுக்குத் தெரியும்.

காற்றளவு மீட்டர் என்றதும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இந்த 1.6-இல் பெட்ரோல் பம்பை இயக்கும் சுவிட்ச் அந்த மீட்டருக்குள் இருந்தது. அதை எடுத்தபோது பம்ப் கட்டுப்பாட்டை இசியுவுக்கு மாற்றியிருக்க வேண்டும். சிலர் டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்போது சாவி ஆன் ஆக இருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் நின்றாலும். விபத்தில் ஒரு குழாய் அறுந்தால் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் அந்த வயர் இருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சிக்னல் தெளிந்து, அறுதல் நின்ற பிறகு மேப்புக்கு வாருங்கள். அப்போதும் டேபிளுக்கு முன்னால் இன்ஜெக்டரின் செத்த நேரம். மின்சாரம் கொடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறக்காது. 13 வோல்ட்டை ஒட்டி ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் வீணாகும், வோல்டேஜ் குறைந்தால் இன்னும் கூடும். ஐட்லிங்கில் உண்மையில் ஊற்றும் நேரமே ஒன்றரை மில்லிசெகண்ட் அளவுதான். செத்த நேரத்தில் 0.3 தவறினால் கலவை 20 சதவீதம் தவறும், அதே தவறு 6000-இல் தெரியவே தெரியாது. ஹெட்லைட் போட்டால் ஐட்லிங் கலவை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் திருத்த வேண்டியது இந்த எண்தான். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பங்க் பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) என்பதால் 14.7 என்ற ஏஎஃப்ஆர் இலக்கும் சரியில்லை, 14.1-ஐ ஒட்டி வரும். லாம்டாவில் (எந்தப் பெட்ரோலிலும் சரியான கலவையை 1 என்று காட்டும் அளவு) மாற்றி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

அடுத்து நீங்கள் போட வேண்டியது: அறுந்த இடத்தை உள்ளடக்கிய லாக் ஒன்று, சூட்டில் ஸ்டார்ட்டர் சுழலும்போது எடுத்த லாக் ஒன்று, குளிரிலும் சூட்டிலும் எடுத்த காம்போசிட் பதிவுகள், உங்கள் மேப் ஃபைல், எர்த்தில் அளந்த மில்லிவோல்ட் எண்கள், புல்லியில் எத்தனை பிளவு என்பது. இவை வந்தால் எந்தக் கிளை என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.